காடையூரணிக்கு ஒரு பஸ்

தன் ஊரைப் பற்றிப் பெருமை பேசாத மனிதன் உலகத்தில் கிடையாது. ஆனால் தன் ஊரைத் தவிர மற்றதெல்லாம் ஊருக்குப் போகிற வழியில் வருகிற இடங்கள் என்று நம்பிய ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவருடைய பெயர் எங்கள் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. காடையூரணி என்றால் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் திருப்பூர் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியில் டிஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தேன். காடையூரணி அங்கே அயர்ன் மாஸ்டர். நீராவிக்கு நடுவே நின்று சட்டைகளை மடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பார். கம்பெனியில் ஆண்கள் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். நான் ஈரோடு. முதலாளிக்குச் சேவூர், அவருக்குத் திருப்பூரே கொஞ்சம் வெளியூர்தான். கோயமுத்தூரிலிருந்து தினமும் வந்துபோன கணக்கர், எங்களையெல்லாம் பனியன் மூட்டைகளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். மதுரைக்குத் தெற்கே இருந்து வந்தவர்கள் அத்தனை பேருக்கும் மொத்தமாக ஒரே பெயர், தெக்கத்தி ஆளு.

இந்த மொத்த வியாபாரம்தான் காடையூரணிக்குப் பிடிக்காது. சின்ன ஊர்க்காரர்கள் பொதுவாகப் பக்கத்திலிருக்கிற பெரிய ஊரின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். இவர் அதற்குச் சம்மதிக்கவே மாட்டார்.

"ஊரு எங்கீங்க?"

"காடையூரணி."

"அது எங்கீங்க இருக்குது?"

"காடையூரணியிலதான் இருக்கு."

"கோவில்பட்டி பக்கம்ங்களா?"

"கோவில்பட்டி எங்களுக்குப் பக்கம்."

குவாலிட்டி மேனேஜர் மெட்ராஸ்காரர். தாம்பரத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் கன்னியாகுமரி வரைக்கும் ஒரே கிராமம் என்பது அவருடைய பூகோளம். திருப்பூரில் நல்ல காப்பி இல்லை, நல்ல தியேட்டர் இல்லை, ஜனங்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியவில்லை என்று தினமும் ஒரு குறை படிப்பார். ஒருநாள் அயர்ன் டேபிளில் வந்து நின்று, "என்னய்யா, மதுரை சைடா நீ?" என்றார்.

காடையூரணி அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தார். "சார் மெட்ராஸ்ல எந்தத் தெரு?"

"மெட்ராஸ்னா... கூடுவாஞ்சேரி."

"கூடுவாஞ்சேரி, தாம்பரத்துக்கு அங்கிட்டா இங்கிட்டா சார்?"

கூடுவாஞ்சேரி தாம்பரத்தைத் தாண்டித்தான் என்பது மேனேஜருக்கே தெரியும். அன்றைக்கு மட்டும் ஏழெட்டுச் சட்டைகளைச் சுருக்கம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். காடையூரணி அத்தனையையும் சந்தோஷமாக மறுபடி தேய்த்தார்.

இப்படிப்பட்டவரைக் கவிழ்த்தது செக்கிங் செக்‌ஷனில் இருந்த பேச்சியம்மாள். கோவில்பட்டிப் பெண். தையல் விட்டுப்போன இடத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள், பேச்சிலும் அதே கண்டிப்பு. நம்மவர் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கேன்டீனில் அத்தனை பேர் முன்னாலும் அவளிடம் போய்க் கல்யாணம் பேசினார். எங்களில் பாதிப் பேருக்குப் போண்டா தொண்டையில் நின்றது.

பேச்சி டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "உங்க ஊருக்குப் பஸ் வருதா?"

"பாறைக்குளம் விலக்குல எறங்குனா, பேசிக்கிட்டே நடந்துரலாம்."

"நான் டவுன்காரி. எங்க ஊர்ல எக்ஸ்பிரஸ் ரயிலே நிக்கும். எங்கப்பா பஸ் வராத ஊருக்குப் பொண்ணு குடுக்க மாட்டாக. நானும் போக மாட்டேன்."

"பஸ் வந்துட்டா?"

"வந்தா அப்பப் பேசுவோம்."

வேறொருவராக இருந்தால் திருப்பூரிலேயே வீடு பார்த்துக் குடியிருக்கலாம் என்று சமாதானம் பேசியிருப்பார். அப்படிச் சொல்லிப் பார்க்கச் சொன்ன என்னைக் காடையூரணி முறைத்தார். "ஈரோட்டுத் தம்பி, அவ என்னைய வேண்டாம்னு சொல்லல. எங்க ஊர வேண்டாம்னு சொல்லிட்டா. அத எப்படி விட முடியும்?" அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. காடையூரணிக்குள் பஸ் போக வேண்டும். அதில் பேச்சி இருக்க வேண்டும்.

தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகும். கம்பெனிகள் ஊருக்குப் போகிறவர்களுக்காகத் தனியாகப் பஸ் பேசிவிடும். எங்கள் கம்பெனியில் மதுரைக்கு ஒன்று, திருநெல்வேலிக்கு ஒன்று. மூன்றாவதாகக் காடையூரணிக்கு ஒன்று வேண்டும் என்று இவர் முதலாளி முன்னால் போய் நின்றார்.

முதலாளி கோபப்படத் தெரியாத மனிதர். "ஏனுங்க தம்பி, உங்கூர்க்காரங்க இங்க எத்தன பேருங்க?"

"மூணு பேரு மொதலாளி."

"மூணு பேருக்கு ஒரு பஸ் உட்டா, என்னைய ஊட்டுக்குள்ள உடுவாங்களாங்க? பஸ் நெறைய ஆள் கொண்டாங்க, நான் உடறனுங்க."

முதலாளி அதை மறுப்பு என்று நினைத்துச் சொன்னார். காடையூரணி அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஒரு மாதம் அவர் ஆள் பிடித்த கதையைத் தனியாகவே எழுதலாம். சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் கம்பெனியில் நிறைய இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு ரோஷம். "காடையூரணி பஸ்ஸுல போயி எறங்குனா எங்க மச்சான் மூஞ்சில எப்படி முழிக்க?" என்றார் கட்டிங் மாஸ்டர். "உங்க ஊர் கோயில் வாசல்லயே எறக்கிவிடுதேன்" என்று வாக்குக் கொடுத்தார் இவர். அடுத்தவருக்குப் பள்ளிக்கூட வாசல். இன்னொருவருக்கு அவர் மாமியார் வீட்டு வாசல், அதுவும் இரண்டு தடவை ஹாரன் அடித்து. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி அனுப்புகிறவன் என்ற தகுதியில் என்னைப் பஸ் போகிற வழியைப் போட்டுத் தரச் சொன்னார். போட்டேன். அது கோனிலிருந்து அவிழ்ந்து விழுந்த நூல் மாதிரி இருந்தது.

"எல்லாருக்கும் எல்லாம் சரி. ஆனா பலகையில காடையூரணின்னுதான் இருக்கும்" என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. கடைசி நாலு சீட்டுக்கு ஆள் கிடைக்காமல், ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காத ஒடிசாப் பையன்கள் மூன்று பேரைப் பிடித்தார். நாலாவது நான். பஸ்ஸுக்கு ஒரு ஸ்டாஃப் பொறுப்பாகப் போகவேண்டும் என்று முதலாளியிடம் இவரே சொல்லி, என் தீபாவளியையும் எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு ஊர்க்காரர்கள் மட்டும் இந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று மொத்தமாக மறுத்துத் திருநெல்வேலி பஸ்ஸில் போனார்கள். அவர்கள் பாறைக்குளத்துக்காரர்கள். மெயின் ரோட்டில் இருக்கிற ஊர். காடையூரணிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறைக்குளம் ஸ்டாப்பில் இறங்கித்தான் நடக்கிறார்கள். இறங்கும்போதெல்லாம் அங்கே டீக்கடையில் யாராவது ஒருவர், "பாத்துப் போங்கப்பா, பஸ்ஸு கிஸ்ஸு மோதிரப் போகுது" என்பாராம். காடையூரணி தன் வாழ்க்கையில் பாறைக்குளம் என்ற பெயரை வாயால் சொல்வதை முடிந்தவரை தவிர்த்தார். பேச்சியிடம் சொன்னதுதான் விதிவிலக்கு.

கிளம்புகிற அன்று காலையில், கட்டிங் செக்‌ஷன் சாக்பீஸை வாங்கி, கறுப்புப் பலகையில் 'திருப்பூர் – காடையூரணி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு உள்ளே வைத்தார். ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து தன் ஊர் எழுத்துகளை இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கினார்.

கோவில்பட்டியில் பாதி பஸ் இறங்கியது. பேச்சி ஜன்னலோரம் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்தில் அவள் தங்கச்சி.

"எறங்கலியாக்கா?" என்றேன்.

"பஸ்ஸு போகுதா இல்லியான்னு பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

ஒவ்வொரு ஊராக இறக்கிவிட்டு, மாமியார் வீட்டில் ஹாரனும் அடித்துவிட்டு, மதியத்துக்கு மேல், மெயின் ரோட்டிலிருந்து பாதை பிரிகிற பாறைக்குளம் விலக்கை அடைந்தோம். டீக்கடையே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. அதற்குமேல் மண்பாதை. முந்தின இரண்டு நாளும் மழை. கரிசல் பூமி குழைந்து பளபளவென்று கிடந்தது.

டிரைவர் சேவூர்க்காரர். "ஏனுங்க, இது ரோடுங்களா, காடுங்களா?"

காடையூரணி படியில் தொங்கிக்கொண்டு, "ரோடுதான் அண்ணே. ஒரே மூச்சுல போங்க. எதுக்காகவும் நிறுத்திராதீக. கரிசல்ல நின்னா போச்சு" என்றார்.

"செரீங்க" என்று டிரைவர் எடுத்தார். பஸ் ஆடிக்கொண்டே போயிற்று. ஊரின் முதல் வீடு தெரிந்தது. கூரைகளின் மேலெல்லாம் பையன்கள். அப்போது பாதையில் ஒரு பெரியவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு குறுக்கே வந்தார். வேறு ஊர் டிரைவர் என்றால் ஹாரனை அழுத்திக்கொண்டே போயிருப்பார். கொங்கு நாட்டில் வளர்ந்த உடம்பு அதற்கு ஒப்பவில்லை. பஸ்ஸை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க பெரியவரே, ஒரு ஓரமாப் போறீங்களா?" என்று கேட்டார். பெரியவர் நிதானமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். பஸ் நிதானமாகப் புதைந்தது.

பேச்சியும் தங்கச்சியும் தவிர எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஒடிசாப் பையன்கள் அவர்கள் மொழியில் குரல் கொடுத்துத் தள்ளினார்கள். ஊரே வந்து தள்ளியது. டிரைவர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சக்கரம் அச்சு வரைக்கும் போனதுதான் மிச்சம். இதை இழுக்க டிராக்டர் வேண்டும். டிராக்டர் இருந்தது பாறைக்குளத்தில்.

"வேண்டாம்" என்றார் காடையூரணி. "எங்க ஊர் பஸ்ஸ அவனுக இழுக்கவா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பேச்சி இன்னும் இறங்கவில்லை. ஊர் கண்ணுக்கு எட்டின தூரத்தில் இருந்தது, பஸ் அங்கே போகவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விலக்கை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

டிராக்டர்காரர் டீயை ஆற அமரக் குடித்து முடித்தார். "இழுக்கலாம். ஆனா பலகைய மாத்தணும். பாறைக்குளம்னு எழுதணும். அந்தப் பலகையோடதான் பஸ்ஸு உங்க ஊருக்குள்ள போகணும்." டீக்கடை மொத்தமும் சிரித்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. வாங்க போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை.

"டிராக்டர எடுங்க" என்றார்.

பஸ்ஸுக்கு வந்து பலகையை எடுத்து, மழைத்தண்ணீரில் கையை நனைத்து, தன் ஊர்ப் பெயரைத் தானே துடைத்தார். ஒரு எழுத்து விடாமல் துடைத்தார். பிறகு பாறைக்குளம் என்று எழுதினார். கோணலாக எழுதி ஒப்பேற்றவும் இல்லை, அதே கொட்டை எழுத்து.

டிராக்டர் இழுத்தது. காடையூரணியின் சரித்திரத்திலேயே முதல் பஸ், பாறைக்குளம் என்ற பலகையோடு ஊருக்குள் நுழைந்தது. குலவைச் சத்தம் பாதியில் குழம்பி நின்றது. "ஏலே, பஸ்ஸு நமக்கா, அவனுகளுக்கா?" என்று கேட்டார் ஒருவர்.

"பஸ்ஸு நமக்கு. பலகை அவனுகளுக்கு" என்றார் காடையூரணி.

அப்போதுதான் பேச்சி இறங்கினாள். புதுச் செருப்பு சேற்றில் புதைவதைக் கவனிக்காமல் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"உங்க ஊர் பேர நீங்களே ஒரு எழுத்து விடாம அழிச்சீக. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பஸ்ஸு வந்துட்டுல்லா?" என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

"பஸ்ஸு கெடக்கட்டும். எங்கப்பாட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் சாக்பீஸும் கரிசலும் ஆயிற்று.

தை மாதம் கல்யாணம். கம்பெனியிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு போனோம். கூடுவாஞ்சேரியார்கூட வந்திருந்தார், காப்பி சுமார் என்றும் சொன்னார். மணமேடையில் மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என்னைக் காட்டி, பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "இவுக யாரு, எந்த ஊரு?" என்று விசாரித்தார்.

"நம்ம ஊருதான்" என்றார் காடையூரணி.

தன் ஊரை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் எனக்குக் கொடுத்த ஊர் அது. ஈரோட்டில் பிறந்து வளர்ந்த நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.