துரையின் காலடியில் காணாமல் போன திட்டு

ஒரு தீவைத் தொலைத்தவள் நான். தோட்டைத் தொலைத்தவள், மூக்குத்தியைத் தொலைத்தவள் எல்லாம் எங்கள் தெருவில் உண்டு. வெள்ளைக்காரத் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு அடியில் இருந்த தீவைத் தொலைத்தவள் நான் ஒருத்திதான். (பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.)

வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போகிறான் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எண்ணூர்க் கழிமுகத்துக்கு இந்தக் கரையில் எங்கள் குப்பம், அந்தக் கரையில் இன்னொரு குப்பம், நடுவில் ஒரு மணல்திட்டு. பத்துக் கட்டுமரம் இழுத்துப் போட்டால் அதோடு இடம் தீர்ந்துவிடும். ஆனால் விடியலில் பனி இறங்கினால் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. திட்டு மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அதன்மேல் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று தூங்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்தபடி நின்றே நான் நாலு நாள் சோற்றைக் குழைய விட்டேன்.

எறா, அதாவது இறால், ஒதுங்குவது அந்தத் திட்டோரம்தான். அதனால் இரண்டு குப்பத்துக்கும் அது எங்களது, உங்களது என்று தலைமுறைச் சண்டை. கழிமுகத்தை அளந்து படம் போட வந்த துரை, திட்டு யாருடையது என்று நேரில் வந்து விசாரித்து எழுதிவிடுவதாகச் சொன்னார். அவர் எழுதிவிட்டால் தோற்ற குப்பம் அங்கே வலை போட முடியாது. அடுப்பில் உலை ஏறாது.

துரை தங்கியிருந்த பங்களாவுக்குத் தினமும் மீன் கொண்டுபோகிறவள் நான். என் மாமனார்தான் எங்கள் குப்பத்து நாட்டார், அதாவது தலைவர். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மே, பட்லராண்ட சொல்லு. வர்ற அஷ்டமி அன்னிக்கு காலீல தொரைய திட்டுக்கு இட்டாரணும். அஷ்டமி. மறந்துறாத."

நான் கொருக்குப்பேட்டையில் ரயில் தண்டவாளத்து ஓரம் பிறந்தவள். எனக்குத் தெரிந்த தண்ணீர் குழாயில் வருவது. ஆனால் அஷ்டமியில் யாரும் நல்ல காரியம் செய்யமாட்டார்கள் என்பது தெரியும். பாவம், கிழவருக்கு நாள் மறந்துவிட்டது, நாமே குப்பத்தைக் காப்பாற்றுவோம் என்று வழியெல்லாம் கனாக் கண்டுகொண்டே நடந்தேன். ஊரே எனக்கு மாலை போடுகிறது, மாமியார் தன் கையால் எனக்குக் காப்பி ஆற்றுகிறாள். (அந்த மாமியார்! கனவில்கூட அவள் சர்க்கரை போடவில்லை.)

பட்லரிடம், "பௌர்ணமி காலீல வரச்சொல்லி நாட்டார் சொன்னாரு" என்றேன். வீட்டுக்கு வந்து, "தொரைக்கு அஷ்டமி தோதுப்படாதாம் மாமா, பௌர்ணமிக்குத்தான் வர்றாராம்" என்றேன்.

மாமனார் மடித்துக்கொண்டிருந்த வலையை அப்படியே கீழே போட்டார்.

"பௌர்ணமியா? போச்சுடா! அஷ்டமில தண்ணி தூங்கிகினு கெடக்கும்மே. பௌர்ணமில நெலாவப் பாத்து எயிந்து நிக்கும். திட்டே முங்கிடும்! எந்த மடையன் இந்த நாள வெச்சது?"

"தொரைதான் மாமா" என்றேன்.

துரை வார்த்தையை யார் மாற்றுவது? தண்ணீர் ஏறுவதற்குள் அவரைக் கூட்டிப்போய் முடித்துவிடலாம் என்று குப்பம் முடிவுசெய்தது. பௌர்ணமியன்று துரை நிதானமாக எழுந்து, நிதானமாக முட்டை தின்று, படகில் நாற்காலி, மேசை, டீக் கெட்டிலோடு வந்து சேர்ந்தார். முழங்கால் வரைக்கும் பூட்ஸ். அவருக்கு எறா வறுத்துக் கொடுக்க நான் ஒரு மூலையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். எங்கோ தூரத்தில் ரயில் கூவியது. பால் மாதிரி பனி. எல்லாரும் மேகத்தின்மேல் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

அக்கரை நாட்டார் மூங்கில் குழாயிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்தார். அந்தக் காலத்தில் பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்துக்காரன், அதாவது டச்சுக்காரன், திட்டு உனக்குத்தான் என்று அவருடைய பாட்டனின் பாட்டனுக்கு எழுதிக் கொடுத்ததாம். என் மாமனார் மடியிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்தார். கும்பினிக்கார வெள்ளைக்காரன் எங்கள் பாட்டனுக்குக் கொடுத்ததாம். துரை இரண்டையும் மோந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பட்லர்தான் துபாஷி.

"ஒல்லாந்துக்காரன் கைல இருந்த அல்லாத்தையும் இவங்க எப்பவோ வாங்கிட்டாங்களாம்."

"அல்லாத்தையும் வாங்குனாரே, இந்தத் திட்ட எண்ணி வாங்குனாரா? கேளு பட்லரே!" என்றார் அக்கரை நாட்டார்.

"யோவ், ஊர வாங்குனவன் திட்ட வுட்டுட்டா வாங்குவான்? வூட்ட வாங்குனா கொல்லைய தனியா வாங்குவியா நீ?" என்றார் என் மாமனார்.

இதற்குள் என் பாதத்தில் ஜில்லென்றது. பார்த்தேன், கணுக்கால் வரை தண்ணீர். எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு நிற்கிறார்கள், அக்கரை ஆட்களும் அப்படியே. எல்லாருக்கும் தெரிகிறது. யாரும் வாயைத் திறக்கவில்லை. முங்குகிற திட்டு என்று ஒத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் வழக்குப் போச்சே! அத்தனை ஆம்பிளைகளும் வானத்தைப் பார்த்தபடி, தண்ணீரில் நிற்காத மாதிரி நின்றார்கள். பூட்ஸ் போட்ட துரைக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை; படத்தை விரித்து வைத்துப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். பனிக்குள் எல்லாம் மெதுவாக, சத்தமே இல்லாமல் கரைந்துகொண்டிருந்தது. நானும் சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புஸ்ஸென்று அடுப்பு அணைந்தது. சட்டி அசைந்து, திரும்பி, துரையை நோக்கி மெதுவாக மிதந்து போனது.

"ஐயையோ தொரே, எறா போவுது! எயிந்திரு தொரே!"

துரை குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் என் சட்டி. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி மிதந்தது. முகம் சிவந்து பட்லரிடம் கத்தினார். பட்லர் என் மாமனார் பக்கம் திரும்பினான்.

"இன்னா நாட்டாரே, இந்த நாள்லயா வரச்சொல்லுவ? ஒம் மருமவதான வந்து பௌர்ணமின்னு சொல்லிச்சு!"

இரண்டு குப்பமும் என்னைப் பார்த்தது. அப்போதாவது அந்தத் தண்ணீர் இன்னும் நாலு ஆள் உயரம் ஏறக்கூடாதா?

"அஷ்டமி ஆவாதே மாமா..." என்றேன்.

துரை படத்தில் திட்டு இருந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் ஒரே அடியாக அடித்தார். "தண்ணிக்குள்ள போற எடத்துக்குக் கடல்தான் சொந்தக்காரனாம். படத்துலயே வாணாங்கறாரு" என்றான் பட்லர். நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகு பனிக்குள் மறைந்தது.

இடுப்பளவு தண்ணீரில் இரண்டு நாட்டார்களும் மிச்சம்.

"இல்லாத திட்டுக்கு இன்னாய்யா சண்ட?" என்றார் அக்கரைக்காரர் கடைசியில். "ஒரு வாரம் நீ போடு, ஒரு வாரம் நான் போடறேன்."

"மொத வாரம் நானு" என்றார் என் மாமனார். அதற்கு ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் கரை ஏறினார்கள். ஆனால் அந்த முறை நின்றது. இரண்டு கரையிலும் உலை ஏறியது.

மாமனார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. "சோறு வேணும்", "தண்ணி வேணும்" எல்லாவற்றையும் வாசலில் படுத்திருந்த நாயிடம்தான் சொன்னார். அந்த நாய்க்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

இப்போதும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் "இது என் எடம், நவுரு" என்று பாய்க்குச் சண்டை போட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். "ஆயாவக் கூப்புடு, தொரைய இட்டாந்து தீத்து வைக்கும்!" என்பார்கள். நான் சண்டை போடுகிறவர்களின் கால்களை மட்டும் ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொள்வேன்.