இரண்டு வலது கால்களும் சேலம் விமானமும்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கில் புண் வரட்டும். புகையிலையால் ஏற்கெனவே இருக்கும் புண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கோதண்டபாணி, காலை ஆறு மணிக்கு ஒற்றை ஷூவோடு ரோட்டில் நின்றார். ஆர்டர் கொடுக்க வந்திருந்த வெளிநாட்டு பையர் பதினோரு மணிக்குச் சேலம் ஏர்போர்ட்டை விட்டுக் கிளம்புவதற்குள் அது அவர் கைக்குப் போயாக வேண்டும்.

"ஆர்டர் போச்சுன்னா நீயும் அப்படியே வீட்டுக்குப் போய்டு" என்று மேனேஜர் வாஹித் பாஷா சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். போனைத் தடவிப் பார்த்தார். வேலூரிலிருந்து சேலத்துக்கு வான்வழியாக நூற்று அறுபது கிலோமீட்டர், முப்பது நிமிடம். மிச்சமாகும் மூன்று மணி நேரத்தில் இரண்டு டீ குடித்துவிட்டு, சேலத்துக்கு நேர் எதிர்த்திசையில் ஐம்பது கிலோமீட்டர் போய் வேலூர் ஏர்போர்ட்டில் இறங்கினார்.

வாசலில் செக்யூரிட்டி செல்வகுமார் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தார். "இன்னொண்ணு எங்க?"

"சாம்பிள்னா ஒத்தைக் கால்தான் சார். ஜோடியா அனுப்பினா எவனாச்சும் போட்டுக்னு போய்டுவான்."

"உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கைய உட்டுப் பாருங்க."

"அதெல்லாம் ரூல்ல இல்ல. ஜோடி வேணும்."

கோதண்டபாணி கம்பெனிக்குப் போன் போட்டார். தையல் பிரிவு ஹம்மாத் இன்னொரு ஷூவோடு பைக்கில் பறந்து வந்தான். செல்வகுமார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வலது.

"இன்னாடா இது?"

"சாம்பிள் எல்லாமே வலதுதாண்ணே. இடது எவன் தைப்பான்?" என்றான் ஹம்மாத்.

கையில் இருந்தால்தானே சாமான் என்று கோதண்டபாணி இரண்டையும் காலில் மாட்டிக்கொண்டார். அதைத் தடுக்க ரூல் இல்லை.

ஆனால் இரண்டு ஷூவும் இடப்பக்கமாகவே இழுத்தன. விமானத்தைப் பார்த்து நேராக நடந்தவர் மூன்று முறை புறப்பட்ட வாசலுக்கே வந்து சேர்ந்தார். நான்காவது முறை பணிப்பெண் நித்யஸ்ரீ கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இடது ஜன்னலோரம் உட்கார வைத்தாள்.

விமானம் மேலே ஏறியது. ரெண்டு வலது காலோட ஒருத்தர் வந்துக்கிறாராம் என்று சேதி பரவியது. வலது வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்க்க, விமானம் இடப்பக்கம் சாய்ந்தது.

"பெரியவரே, காலைக் கொஞ்சம் மடக்கிக்கங்க" என்று பைலட் மைக்கில் கெஞ்சினார்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஷூ இன்னும் நன்றாகத் தெரிந்தது. பார்க்காமல் இருந்த இரண்டு பேரும் எழுந்து வந்தார்கள்.

சரியாக நூற்று அறுபது கிலோமீட்டர். சரியாக முப்பது நிமிடம். இடது பக்கமாகவே பறந்த விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது, வேலூரில். மணி பதினொன்று ஐந்து.

மறுநாள் கம்பெனி விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தது. மேலே கண்ட அத்தனையையும் கோதண்டபாணி நான்கு பக்கத்தில் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஆபீஸில் பூர்ணிமா அதை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள்.

"நல்லா எழுதிக்கிறீங்கண்ணே. ஆனா வேலூர் ஏர்போர்ட்லருந்து இன்னும் ஒரு ஃப்ளைட்டுகூட கிளம்பலையே."