என் மகளைத் திட்டியதற்கு நன்றி

தங்காக், ஜொகூர்.
புதன்கிழமை, கடை திறப்பதற்கு முன்.

என்றும் மரியாதைக்குரிய பெரிய மச்சான் சபாபதி அவர்களுக்கு,

தங்கள் தங்கை சாந்தினியின் கணவன் ராஜசேகரன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் சுகம். காஹாங்கில் நீங்களும் சுகம் என்பதைச் சாந்தினியின் ஃபேஸ்புக்கில் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வாட்ஸ்அப்பில் என்னை நீங்கள் பிளாக் பண்ணி வைத்திருப்பதால் தபால்தலை வாங்க வேண்டியதாகிவிட்டது. கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால் இதை மட்டும் படித்துவிட்டுக் கிழியுங்கள்: என் மகள் தேன்மொழிக்கு அமெரிக்க விசா கிடைத்துவிட்டது. கிடைத்தது உங்களால்.

விஷயம் இதுதான். நியூ ஜெர்சியில் ஒரு நடனக் குழு. உங்கள் மருமகளின் உறுமி அடி அவர்கள் காதுக்கு எப்படியோ எட்டி, வந்து எங்களோடு மேடை ஏறு என்று கூப்பிட்டார்கள். இவளும் செனாய் ஊரில் பார்த்துக்கொண்டிருந்த ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டாள். அப்புறம்தான் தெரிகிறது, அந்த விசாவுக்கு ஆள் சும்மா கெட்டிக்காரியாக இருந்தால் போதாதாம், அசாதாரணத் திறமை இருக்கிறதென்று ஆதாரத்தோடு காட்ட வேண்டுமாம். குழுவின் வக்கீல் பஸீலா, நம்ம ஜொகூர் பாரு பிள்ளைதான், வீடியோவில் வந்து பத்திரிகைச் செய்தி, விருது, பெரியவர்கள் பரிந்துரை எல்லாம் கேட்டார். இவ்வளவுதானா என்று நினைத்தேன். எந்தத் திருவிழாவுக்கும் நன்கொடை கொடுத்து, பேப்பரில் படம் வரவழைப்பவன் நான். ஒரு பெட்டி நிறைய அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பஸீலா அழைத்தார். "அங்கிள், எல்லாப் படத்துலயும் நீங்கதான் மாலையோட நடுவுல நிக்கிறீங்க. தேன்மொழி எங்க?" என்று கேட்டார். "என் தோளுக்குப் பின்னால பாருங்கம்மா, அரை உறுமி தெரியும்" என்றேன். "இதை வெச்சு விண்ணப்பம் போட்டா விசா உங்களுக்குத்தான் கிடைக்கும் லா" என்றார். சரி, விருது என்று பொன்னாடைகளைப் படம் பிடித்து அனுப்பினால், அத்தனையிலும் நம்ம ஜவுளிக்கடை லேபிள் தொங்குகிறது. நான் விற்றதை வாங்கி என் மகளுக்கே போர்த்தியிருக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய? பரிந்துரைக்கு எட்டுப் பிரமுகர்களைப் பிடித்தேன். யாருக்கும் எழுத நேரமில்லை, எனவே நம்ம கடையில் வேலை பார்க்கும் பெண் ஒரே கடிதத்தைத் தட்டச்சு செய்தாள், எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கோயில் மகஜருக்கு நாம் அப்படித்தானே செய்வோம்? எட்டுப் பேரும் ஒரே வாக்கியத்தில் மெய்சிலிர்த்திருக்கிறார்கள் என்று பஸீலா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மிச்சத்தை உங்கள் மருமகளே கெடுத்தாள். வானொலிப் பேட்டி ஒன்று இருந்தது, இதாவது தேறும் என்று போட்டுக் கேட்டால், "நான் இன்னும் ஒண்ணுமே கத்துக்கலைங்க, எல்லாம் வாத்தியார் போட்ட பிச்சை, என்னைவிட நல்லா அடிக்கிறவங்க ஊருக்கு நாலு பேர் இருக்காங்க" என்று பணிவு சொட்டச் சொட்டப் பேசியிருக்கிறாள். "தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லியிருக்காங்க" என்றார் பஸீலா. ஏண்டி இப்படிப் பேசினே என்று கேட்டால், "நானே என்னைப் பெரிய ஆளுன்னு சொல்லிக்கிட்டா ஊர்ல சிரிக்க மாட்டாங்களாப்பா?" என்கிறாள். இதற்குள், இருந்ததை வைத்துப் போட்ட விண்ணப்பத்துக்கு அமெரிக்காவிலிருந்து இன்னும் ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்துவிட்டது. தவறினால் குழு வேறு ஆளைப் பார்க்கும். போன வேலையும் திரும்பாது. பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை மச்சான். உறுமியைத் துணி போட்டு மூடி அலமாரி மேலே ஏற்றிவிட்டாள்.

அப்போதுதான் சாந்தினி அடுப்படியிலிருந்து, "எங்கண்ணன் போட்ட வீடியோவைக் காட்டுங்களேன்" என்றாள்.

"உங்கண்ணன் பேரை இந்த வீட்டுல எடுக்காதே!"

"நீங்க எடுக்காதீங்க. நான் அனுப்பியாச்சு."

எந்த வீடியோ என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கோயில் திருவிழாவில் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டே இருக்க, பூசாரி சாமி புறப்பாட்டுக்குச் சைகை காட்ட, இவள் உறுமியைத் தேய்க்க, வரிசை வரிசையாக ஜனம் எழுந்து போய், கடைசியில் சிவப்பு நாற்காலிகள் மட்டும் பேச்சைக் கேட்டதும், அப்புறம் விருந்தினரே மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போனதும். அதைப் போட்டு நீங்கள் எழுதினீர்களே, "என் தங்கை மகள் என்றாலும் சொல்கிறேன், இந்தப் பெண் அடித்தால் ஊரில் ஒரு கூட்டம் நடத்த முடியாது" என்று. அதற்குத்தான் நான் காஹாங் வரைக்கும் காரை ஓட்டி வந்து உங்கள் வாசலில் கத்தினேன்.

பார்த்துவிட்டுப் பஸீலா துள்ளாத குறை. "அலமாக், அங்கிள்! இதை ஏன் ஒளிச்சு வெச்சீங்க? சொந்தக்காரங்க புகழ்ந்தா ஆபீசர் நம்ப மாட்டார். சொந்தத் தாய்மாமன் இப்படித் திட்டினா நம்பித்தான் ஆகணும்!" என்றார். ஆச்சரியம் என்னவென்றால், நடனக் குழு இவளை முதலில் பார்த்ததே யாரோ பகிர்ந்த அந்த வீடியோவில்தானாம். உங்கள் திட்டை முறையான மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்கி, முத்திரை குத்தி, முதல் ஆதாரமாக வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது இன்னும் கம்பீரமாக இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை கோலாலம்பூரில் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கினோம். நான் கழிவறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன். உறுமி அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கிறார், வீடு வீடாக இருக்கிறது.

ஆகவே நடந்ததை மறந்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பு விருந்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள். மேடை இல்லை, மைக் இல்லை, வாழை இலைச் சாப்பாடு மட்டும்தான். வாட்ஸ்அப்பில் என் நம்பரையும் திறந்துவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரையும் காஹாங் அம்மன் காக்கட்டும்.

அன்பு மைத்துனன்,
ராஜசேகரன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் பஸீலா கூப்பிட்டார். விசா மூன்று வருஷத்துக்குத்தானாம், அடுத்த தடவைக்குப் புது ஆதாரம் இப்போதே சேர்க்க வேண்டுமாம். எனவே சமாதானம் என்று மேலே எழுதியதைத் தள்ளிப்போடுவோம். ஞாயிற்றுக்கிழமை மேடை உண்டு, மைக் உண்டு, சிறப்பு விருந்தினர் நீங்கள். நீங்கள் பேச ஆரம்பித்ததும் உறுமியை எடுக்கும்படி தேன்மொழியிடம் சொல்லிவிட்டேன். கோபத்தை அடக்காமல் அன்றைக்கே ஃபேஸ்புக்கில் போடுங்கள். அவள் பெயர், இடம், தேதி தெளிவாக இருக்கட்டும். முடிந்தால் கடைப் பெயரையும் சேர்த்துத் திட்டுங்கள்.