சும்மா நின்று பார்ப்பவர்

கொரியத் தொடர் பார்ப்பவர்களில் உட்கார்ந்து பார்ப்பவர், படுத்துக்கொண்டு பார்ப்பவர் என்று இரண்டு இனம் உண்டு. இவர்களால் உலகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. பார்க்கிறோம் என்று ஒப்புக்கொண்டு பார்க்கிறவர்கள். அழ வேண்டிய இடத்தில் அழுது, மூக்கைச் சிந்தி, முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இங்கே சொல்ல வந்தது மூன்றாவது இனத்தைப் பற்றி. அவர் நின்றுகொண்டு பார்ப்பவர்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். தண்ணீர் குடிக்கத்தான் எழுந்து வருவார். அடுக்களைக்குப் போகும் வழி கூடத்தின் நடுவே போகிறது, அதற்கு அவர் என்ன செய்வார்? வருகிற வழியில் தொலைக்காட்சியில் யாரோ ஒரு பெண் கண்ணீர் விடுவாள். ஒரு கணம் நிற்பார். தோளை நிலைப்படியில் சாய்த்து, ஒரு காலை அடுக்களைப் பக்கம் நீட்டி, இதோ போய்விடப்போகிறேன் என்கிற தோரணையில் நிற்பார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் இதோ போய்விடப்போகிறேன் என்றுதான் நின்றுகொண்டிருப்பார். யாராவது திரும்பிப் பார்த்துவிட்டால், "இது இன்னுமா முடியல?" என்று சலித்துக்கொள்வார். சலித்த வாய் மூடுவதற்குள், "ஆமா, இவன் அன்னிக்கு மழையில குடை கொடுத்தானே அவனா, இல்ல அவனோட தம்பியா?" என்று கேட்பார். பார்க்காத மனிதருக்குக் குடை எப்படித் தெரியும்? கேட்டுவிடாதீர்கள். கோபம் வரும்.

நம்முடைய கதாநாயகர் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. தண்ணீர் இறைக்கும் பம்பு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தரச்சோதனைப் பிரிவுக்குத் தலைவர். ஒரு பம்பு வெளியே போக வேண்டுமென்றால் இவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும், லேசில் போகாது. அதனால் அங்கே அவருக்கு வைத்த பெயர் ரிஜெக்ட் சார். அந்தப் பெயரே இங்கேயும் இருக்கட்டும்.

தொழிற்சாலைக் கண்ணை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். மனைவி சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார், இவர் பின்னால் நின்று குறை கண்டுபிடிப்பார். "கம்பெனி முதலாளிங்கறான், காலையில இருந்து இவ பின்னாடியே சுத்தறான். அங்க உற்பத்தியை யாரு பாக்கறா?" "தூங்கும்போதுகூட உதட்டுச் சாயமா?" "இவன் காதலைச் சொன்னா உடனே பனி கொட்டுதே, வானிலை இலாகா இவங்க வீட்டு வேலையாளா?" இரண்டு பேர் கண்ணோடு கண் பார்த்தால் முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை காட்டுவார்களே, அப்போது உண்மையாகவே கொதித்துப்போவார். "எங்க பம்பைக்கூட இத்தனை கோணத்துல நாங்க பாக்கறதில்ல!" வெள்ளை லாரி ஒன்று எங்கிருந்தோ வந்து நல்லவன் ஒருவனை அடித்துத் தள்ளினால், "அந்த ஊர் லாரிக்குப் பிரேக்கே கிடையாதா? எவன் இதையெல்லாம் சோதனை பண்ணி வெளிய விட்டான்?" என்று கத்துவார்.

ஆரம்பத்தில், "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க, யாரு யாருன்னே தெரியல" என்றவர்தான். போகப் போகப் பிடரியைப் பார்த்தே ஆளைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் தொழிற்சாலையில் ஒரு பம்பு கிடுகிடுவென்று ஆடி நட்டைக் கக்கியபோது, அவர் வாயிலிருந்து தன்னையறியாமல், "ஐகூ!" என்று வந்துவிட்டது. அது நம்முடைய ஐயோவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, கொரியாவில் குடியிருப்பவன். பக்கத்திலிருந்த ஃபிட்டர், "சாருக்கு விக்கல்" என்று ஓடிப்போய் சோடா வாங்கிவந்தார். ரிஜெக்ட் சார் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நூடுல்ஸ் பையன் வந்து சேர்ந்தான்.

புதுத் தொடர். பெரிய ஹோட்டல் முதலாளியம்மாவின் ஒரே மகள். அவளுக்கு நூடுல்ஸ் கடையில் வேலை செய்து மொட்டைமாடி அறையில் குடியிருக்கும் ஒரு பையன் மேல் காதல். நடுவே, எல்லா நல்ல குணங்களும் உள்ள ஒரு டாக்டர் அந்தப் பெண்ணுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறார். முதலாளியம்மாவுக்கு டாக்டர்தான் வேண்டும். பையனைத் தனியாக ஒரு காபிக்கடைக்குக் கூப்பிட்டு, முத்துமாலையைத் தடவிக்கொண்டே, "என் மகளை விட்டு விலகிப் போ" என்றாள். அவன் தலைகுனிந்து, "முடியாதுங்க" என்றான். எதிரிலிருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்தாள். இருந்த தண்ணீர் முழுவதையும் அவன் முகத்தில் வீசினாள். அவன் துடைக்கக்கூட இல்லை.

ரிஜெக்ட் சார் உட்கார்ந்துவிட்டார். சோபாவின் கைப்பிடியில்தான். "முட்டி வலி" என்றார். யாரும் கேட்கவில்லை. "கல்நெஞ்சக்காரி! உழைச்சுச் சாப்பிடறான் பையன், அவனுக்கு என்ன குறைச்சல்? மனுஷனுக்கு மனசுதானே முக்கியம்? இவ பொண்ணு என்ன வானத்திலேர்ந்தா குதிச்சா?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். கண்ணாடியை மட்டும் அல்ல.

மூலையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த மகள் இதைக் கேட்டாள். மகள் பல் டாக்டர். எந்தப் பல்லை எந்த நேரத்தில் அசைக்க வேண்டும் என்று படித்துப் பட்டம் வாங்கியவள். அப்பாவின் கண் காய்வதற்குள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நானும் ஒருத்தரை விரும்பறேன்."

"யாரும்மா? கூட வேலை பாக்கற டாக்டரா?"

"இல்லப்பா. எங்க கிளினிக்ல நோயாளிங்க உக்கார்ற இடத்துல ஒரு பெரிய மீன் தொட்டி இருக்குல்ல?"

"ஆமா, நல்ல தொட்டி."

"அதை வச்சுக் குடுத்தவர்."

நீங்களே சொல்லுங்கள், தொட்டியை மெச்சிய வாயால் என்ன பேச முடியும்? ஆனாலும் பேசினார். அந்தப் பையனின் தொழில் ஊரிலுள்ள அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் மீன் தொட்டி அமைத்து, வாரம் தவறாமல் போய்ப் பாசி வழித்துத் தண்ணீர் மாற்றுவது. சொந்தமாக ஒரு சின்ன வேன், அதன் மேல் தங்கமீன் படம் என்று மகள் சொல்லச் சொல்ல, நூடுல்ஸ் பையனுக்காகச் சுரந்த கண்ணீரெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"மீன் தொட்டி கழுவறவனா?"

மனைவி திரும்பினார். "உழைச்சுச் சாப்பிடறான், என்ன குறைச்சல்னு இப்பத்தானே கேட்டீங்க?"

"அது கதை! இது குடும்பம்!"

"அங்க அவங்களுக்கு அது குடும்பம் இல்லையா?"

"என் நண்பரோட தம்பி மகன் இன்ஜினியர். நான் ஏறக்குறையப் பேசிட்டேன்."

"அப்ப அந்த முத்துமாலையையும் வாங்கிப் போட்டுக்கங்க" என்று சொல்லி, மனைவி தொலைக்காட்சியை அணைத்தார். "இந்த வீட்டுல இனிமே கொரியா கிடையாது."

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். ஏனென்றால் தொலைக்காட்சி அணைந்த நேரத்தில் நூடுல்ஸ் பையன் வெள்ளை லாரியில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். வைத்தியம் பார்ப்பது யார்? அதே டாக்டர்! காப்பாற்றுவாரா, கைவிடுவாரா? ரிஜெக்ட் சாருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பார்க்கவே பார்க்காத மனிதர் எந்த முகத்தோடு தொடரைப் போடு என்று கேட்பது? தண்ணீர் குடிக்க வந்தார். கூடம் இருட்டாக இருந்தது. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினார்.

அதைவிட, மகள் பேசுவதை நிறுத்தியதுதான் அவர் மனதை அறுத்தது. நெடுநாளாகக் கடைவாய்ப் பல் ஒன்று குத்திக்கொண்டிருந்தது. கன்னத்தைப் பிடித்தபடி அவள் எதிரில் போய் நின்றார். "கிளினிக்குக்குப் போன் பண்ணி நேரம் வாங்கிக்கங்க" என்றாள், யாரோ ஒரு நோயாளியிடம் சொல்வதுபோல. பல் வலி போன இடம் தெரியவில்லை. வேறெங்கோ வலித்தது.

சரி, பையனையே பார்த்து நயமாக நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுவோம் என்று தீர்மானித்தார். காதும் காதும் வைத்த மாதிரி அவனுக்குப் போன் செய்து, தனியாக ஒரு காபிக்கடைக்கு வரச் சொன்னார். தனியாக, காபிக்கடைக்கு! தொடரில் அந்தச் சந்திப்பை முட்டி வலியோடு பார்த்த மனிதர் இவர். இருந்தும் அவருக்கு உறைக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

பையன் முன்னதாகவே வந்து காத்திருந்தான். கால்சட்டை முழங்கால் வரை ஈரம். "வழியில ஒரு தொட்டி ஒழுகிடுச்சு சார், அப்படியே வந்துட்டேன்" என்று எழுந்து நின்றான்.

"உக்காருப்பா."

உட்கார்ந்தான். பரிமாறுபவர் இரண்டு தம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

"என் பொண்ணு பல் டாக்டர்."

"தெரியும் சார்."

"ஒரே பொண்ணு."

"தெரியும் சார்."

"நாங்க அவளை எப்படி வளர்த்தோம்னா..." என்று ஆரம்பித்தவர் நடுவிலேயே நிறுத்தினார். இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே? கீழே எழுத்து ஓட, வேறு மொழியில்? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையை நீட்டித் தம்ளரை எடுத்தார்.

பையன் அந்தக் கையைப் பார்த்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். நாற்காலியில் நிமிர்ந்து, கண்களை இறுக மூடி, முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான்.

பக்கத்து மேஜைப் பெண் காபி உறிஞ்சுவதை நிறுத்தினாள். பரிமாறுபவர் ஒரு துணியோடு தயாராக வந்து தூண் ஓரமாக நின்றார். கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். அடுத்து என்ன என்று அந்தக் கடையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, தம்ளரைப் பிடித்திருந்தவருக்கு மட்டும்தான் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

"என்னப்பா பண்றே?"

"ஊத்திடுங்க சார், பரவாயில்ல" என்றான் பையன், கண்ணைத் திறக்காமல். "ஏற்கெனவே நனைஞ்சுதான் இருக்கேன்."

ரிஜெக்ட் சாருக்குக் காது மடல் சுட்டது. கை தானாகக் கழுத்துக்குப் போய், அங்கே மாலை ஏதும் தொங்கவில்லையே என்று தடவிப் பார்த்தது. ஐம்பது தடவை சபித்த பொம்பளை. அவளுடைய நாற்காலியில் அல்லவா வந்து உட்கார்ந்திருக்கிறோம்! தம்ளர்த் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். புரையேறியது. பையன் பதறி எழுந்துவந்து அவர் தலையில் தட்டினான்.

"குடிக்கத்தான் எடுத்தேன்" என்றார், இருமல் நின்ற பிறகு. பரிமாறுபவர் துணியோடு திரும்பிப் போனார். ஏமாற்றம் அவர் நடையில் தெரிந்தது.

"நீயும் அதெல்லாம் பாப்பியா?"

"ஐயோ, இல்ல சார். அக்காதான் பாப்பாங்க. நான் சும்மா அந்தப் பக்கமா போறப்ப..."

"நின்னுக்கிட்டா?"

பையன் தலையைக் குனிந்தான். "ஆமா சார்."

ரத்த பந்தம் என்பது ரத்தத்தில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ரிஜெக்ட் சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்த நூடுல்ஸ் பையன் ஆஸ்பத்திரியில கிடந்தானே..."

"எங்க வீட்டுல முடிச்சாச்சு சார்."

"முடிச்சாச்சா! பொழைச்சானா? அவ யாரைக் கட்டிக்கிட்டா?"

பையன் தயங்கினான். "சொல்ல மாட்டேன் சார்."

"என்னது?"

"உங்க வீட்டுல அம்மா இன்னும் பாக்கலையாமே. அவங்களுக்கு முன்னாடி வேற யாரும் கதை தெரிஞ்சுக்கிட்டா அவங்களுக்குப் பிடிக்காதுன்னு உங்க பொண்ணு சொல்லிருக்காங்க."

"பெரியவன் கேக்கறேன்."

"மன்னிச்சுக்கங்க சார்."

"கோடி காட்டு போதும். டாக்டரா, இவனா?"

"முடியாதுங்க சார்."

அதட்டினார். கெஞ்சினார். இரண்டாவது காபி வாங்கிக் கொடுத்தார். கடைசியில், "பொண்ணு வேணும்னா சொல்லு" என்றுகூடச் சொல்லிவிட்டார். அவ்வளவு கீழே இறங்கிவிட்டார் மனிதர். பையன் முகம் வெளுத்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "அவங்களை வேணும்னு நான் கேக்கறது உண்மைதான் சார். அதுக்காக அவங்க அம்மாவை ஏமாத்த முடியாது" என்றான். ரிஜெக்ட் சார் அவனை மேலும் கீழும் பார்த்தார். எத்தனை அழுத்தம் கொடுத்தும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. முப்பது வருடத் தொழிலில் அப்படி ஒன்றை அவர் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது தாயும் மகளும் கூடத்தில் காத்திருந்தார்கள். போன இடம் எப்படியோ தெரிந்திருந்தது.

"அவரை என்னப்பா சொன்னீங்க?"

"அந்தப் பையனை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லும்மா."

மனைவி நம்பவில்லை. "அவன் அப்படி என்னதான் சொன்னான்?"

"ஒண்ணுமே சொல்லல. எவ்வளவோ கேட்டேன், வாயே திறக்கல. அதான்."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். முதல் வேலையாக அப்பாவை விளக்குக்கு அடியில் இழுத்துவந்து, "ஆ காட்டுங்க" என்றாள். ஆ காட்டினார். வாய் திறந்திருந்ததால் அவரால் கண்ணை மட்டும்தான் துடைத்துக்கொள்ள முடிந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்ஜினியரும் வந்து வாழ்த்திவிட்டுப் போனார். வீட்டுக்குக் கொரியாவும் திரும்பி வந்தது. தொடரின் கடைசிப் பகுதியை மாமியார் சோபாவில் உட்கார்ந்து பார்த்தபோது, மாமனாரும் மருமகனும் நிலைப்படியின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தோளைச் சாய்த்து, இதோ போய்விடப்போகிறோம் என்று நின்றிருந்தார்களாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு இந்தக் கொரியா சமாசாரமே பிடிக்காது, ஏதோ கண்ணில் பட்டது, சும்மா படித்தேன் என்கிறீர்கள். நம்பாமல் என்ன? வேறு முக்கியமான வேலையாகப் போய்க்கொண்டிருந்தவர் நீங்கள். கதை முடிந்தது, போய்வாருங்கள்.

என்ன, இன்னும் போகவில்லையா? அந்த ஹோட்டல்காரி மகள் கடைசியில் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று தெரிய வேண்டுமா?