மாப்பிள்ளை வேட்டியும் என் இழுவை மிஷினும்

என் அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையை மிஷினில் மாட்டிவிட்டவன் நான்தான். இத்தனை வருஷமாக அதை 'எதிர்பாராத கோளாறு' என்றே சொல்லிவந்திருக்கிறேன். எழுபது வயதுக்கு மேல் எதற்குப் பொய்? கோளாறு மிஷினில் இல்லை, அதைச் செய்தவன் மண்டையில் இருந்தது.

அது எழுபதுகளின் ஆரம்பம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு (மூன்றாம் வகுப்பு; அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்) அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையின் சோதனை அறையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே நூலின் பலத்தை அளக்கும் மிஷின் ஒன்று இருந்தது. இரண்டு கொக்கிகளுக்கு நடுவே நூல் சிட்டத்தை, அதாவது வளையமாகச் சுற்றிய நூல் கற்றையை, மாட்டி இழுப்பார்கள். முள் மெல்ல ஏறும். நூல் அறுந்ததும் முள் அப்படியே நின்று, எத்தனை எடை தாங்கியது என்று சொல்லும். மற்றவர்கள் அந்த வயதில் எதை எதையோ பார்த்துக் காதலித்தார்கள். நான் அந்த முள்ளைக் காதலித்தேன்.

பயிற்சிக்குப் போன மூன்றாவது மாதமே சொந்தமாக ஒரு மிஷின் செய்துவிட்டேன். நூலுக்குப் பதில் துணியைச் சோதிப்பது. ஒரு மரச் சட்டம், பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஐம்பது கிலோ வில் தராசு, பழைய சைக்கிளின் பெடல், செயின், பின்சக்கரத்து ஃப்ரீவீல். பெடலைச் சுற்றினால் செயின் துணியை இழுக்கும். ஃப்ரீவீல் அதைப் பின்னால் நழுவ விடாது. துணியைக் கவ்வ இரண்டு பிடிகள். இழுக்க இழுக்க இன்னும் இறுகும்படி அவற்றைச் செய்திருந்தேன். இதில் எனக்குத் தனிப் பெருமை.

வீட்டில் இருந்த துணியையெல்லாம் சோதித்தேன். என் பனியன், தலையணை உறை, அம்மா வத்தல் காயப்போடும் சேலை எல்லாம் கிழிந்தன. எங்கள் வீட்டில் அந்த வருஷம் கைக்குட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கிழியாத துணி ஒன்று வந்தால் அதை எப்படி வெளியே எடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. அப்படி ஒரு துணியைத்தான் நான் பார்த்ததே இல்லையே!

விஜயா அக்காவுக்குத் திருச்சுழியிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் தங்கராசு. அவருடைய அப்பாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. எங்கள் அப்பாவுக்கு நூல் கடை. இரண்டு பக்கமும் பிடித்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குள் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. அதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போயிருந்ததால், அப்பா காலையிலிருந்தே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

பத்து மணிக்கு எல்லோரும் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா மகனுடைய புது வேட்டியைத் தொட்டுக் காட்டி, "இது நம்ம கடைச் சரக்கு. இதுல எருமையக் கட்டி இழுக்கலாம், கிழியாது" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எத்தனை கிலோ எருமை, மாமா?" என்றேன்.

சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்பாவின் பார்வையில் மட்டும் ஐம்பது கிலோவுக்கு மேல் அழுத்தம் இருந்தது.

"இல்ல மாமா, எங்கிட்ட மிஷின் இருக்கு. அளந்தே சொல்லிரலாம்."

"ஏலே பாலு, சும்மா கெட" என்றார் அப்பா.

மாப்பிள்ளைதான் ஆர்வமாக நிமிர்ந்தார். "கொண்டாங்க, பாப்போம். வேற வேட்டி எதுக்கு? இந்தத் தலைப்பையே மாட்டுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்க, கட்டியிருந்த வேட்டியின் தலைப்பை இரண்டு பிடிகளுக்கு நடுவே மாட்டிப் பெடலைச் சுற்றினேன். இருபது. முப்பது. நாற்பது. கூட்டம் சத்தமாக எண்ண ஆரம்பித்தது. முள் ஐம்பதில் போய் இடித்து நின்றது. வேட்டியில் ஒரு இழைகூட விலகவில்லை. கைதட்டல் எழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரி, கழட்டுங்க" என்றார் மாப்பிள்ளை.

பெடலைப் பின்னால் சுற்றினேன். கடகடவென்று சத்தம் மட்டும் வந்தது. செயின் அசையவில்லை. பிடிகளை நெம்பினேன். அவை நான் வடிவமைத்தபடியே மிகச் சிறப்பாகக் கவ்வியிருந்தன.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லைங்க. ஒரு நிமிஷம்."

பத்து நிமிஷம் ஆயிற்று. வேர்வை என் மூக்கு நுனியிலிருந்து மாப்பிள்ளையின் முழங்காலில் சொட்டியது. சித்தப்பா கத்தரிக்கோலோடு வந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா மாப்பிள்ளை வேட்டிய வெட்டவா?" என்று மாப்பிள்ளையின் அத்தை அலறினார். வேறு வேட்டி மாற்றலாம் என்றார் அப்பா. "சபையில வந்து உக்காந்த பெறகு அவுக்கக் கூடாது" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. மணி பத்தே கால். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரன் என்னால் போகப்போகிறது என்று நினைத்தபடி பிடிகளை மறுபடியும் நெம்பினேன்.

கடைசியில் மாப்பிள்ளையே எழுந்தார். "ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க. இதையும் கூட்டிக்கிட்டே போய் உக்காருவோம்."

நானும் சித்தப்பாவும் மிஷினைத் தூக்கிக்கொண்டு, அவர் நடைக்கு ஏற்ப அடிமேல் அடி வைத்து, தட்டு மாற்ற விரித்திருந்த பாய்க்குக் கொண்டுபோனோம். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தது. சந்தனம் கொடுத்துக்கொண்டு வந்த பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. மிஷினுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

தட்டு மாற்றினார்கள். அதே நொடியில் 'டணார்' என்று ஒரு சத்தம். வில் தராசின் வில் அறுந்து, அதன் கொக்கி பறந்துபோய்ப் பாயச அண்டாவுக்குள் 'சளக்' என்று விழுந்தது. பிடிகள் வாயைத் திறந்தன. அதுவரை தலையைக் குனிந்தே இருந்த அக்கா, வாயைப் பொத்தப் பார்த்து, முடியாமல், தெரு முனை வரை கேட்கும்படி சிரித்தாள். மாப்பிள்ளையும் கூடவே சிரித்தார். அப்புறம் சபை முழுவதும்.

மாப்பிள்ளையின் அப்பா வேட்டித் தலைப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் கசங்கியிருந்தது, அவ்வளவுதான். "மிஷினு போச்சு, வேட்டி நின்னுச்சு!" என்று கூவிவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "சம்பந்தி, வேற சீரு என்ன வேணும்னாலும் கொறைச்சுக்கங்க. இந்த மிஷின மட்டும் குடுத்துருங்க."

அடுத்த வாரமே அது திருச்சுழிக் கடை வாசலுக்குப் போய்விட்டது. 'எங்கள் வேட்டியிடம் தோற்ற மிஷின்' என்று அதன் தலைக்கு மேல் ஒரு பலகை. பரளச்சி, வீரசோழன் என்று சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் வந்தவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேட்டி வாங்கிப் போனார்கள். நான் அந்தக் கடைக்குப் போனால், "இவுகதான் செஞ்சவுக" என்று அக்காவே என்னைக் காட்டிக்கொடுப்பாள்.

மூன்று வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, என் வருங்கால மாமனார் சம்பளம் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க மாப்ள. கை ரெண்டையும் மடியிலயே வச்சுக்கங்க" என்றார். இன்றைக்கும் ஜவுளிக்கடையில் நான் ஒரு துணியின் ஓரத்தைத் தொட்டால் போதும், என் மனைவி கடைக்காரரிடம் சொல்கிறாள்: "அவுக கையில குடுக்காதீங்கண்ணே. தள்ளி நின்னு கண்ணுல காட்டுங்க."