அம்மனுக்கு விட்ட காபி

எங்கள் வீட்டுக்காரர் காபியை விட்டுவிட்டேன் என்றதும் எனக்குத் தலை சுற்றியது. பல் விளக்குமுன் ஒன்று, தறியில் உட்காருமுன் ஒன்று, உட்கார்ந்துவிட்டதைக் கொண்டாட ஒன்று என்று குடிக்கிற மனிதர். பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் நாங்களும் தறியும் காபியும்தான்.

அவருக்கு ராத்திரியில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று டாக்டரிடம் போயிருந்தோம்.

"பிரஷர் ஏறியிருக்கு. இவ்வளவு காபி ஆவாதுங்க. அதுல இருக்கிற கஃபைன் உங்களுக்கு ஒத்துக்கல. கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுக்கினு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

"இன்னாமே அழற? படவேட்டம்மனுக்குக் காபிய வுட்டுட்டேன். போதுமா?"

"எப்போ வேண்டிக்கினீங்க?"

"பஸ்ல வரும்போதே. மனசுக்குள்ள."

எங்கள் பக்கம் ஒரு பொருளை அம்மன் பேரில் விட்டால் விட்டதுதான். என் மாமியார் பூசணிக்காயை விட்டவர். சாகிறவரை பூசணிக்கொடி படர்ந்த வேலிப்பக்கம்கூட நடக்கவில்லை.

விளக்கேற்றிக் கும்பிட்டேன். ஃபில்டரைப் பரணில் போட்டேன். சுக்கும் மல்லியும் வறுத்துப் பொடி செய்து, கருப்பட்டி போட்டுக் கொடுத்தேன். விளக்கெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் கீது" என்றார்.

இரண்டு நாள் கழித்து, முதலாளி கடைக்குப் பட்டு நூல் வாங்கப் போனவர் பாட்டு முனகிக்கொண்டே திரும்பினார். பக்கத்தில் வந்தார். குப்பென்று காபி வாசம். மீசை ஓரத்தில் நுரை காய்ந்து கிடந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காபி குடித்ததற்காகக்கூட இல்லை. அம்மன் பேரைச் சொல்லிவிட்டுக் குடித்திருக்கிறாரே. தாயே, அறியாத மனுஷன், நீதான் பொறுத்துக்கணும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் சந்தவாசலில் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "ஜல்தியா வரணும்னு இல்ல, இருந்துட்டே வா" என்று பஸ் ஏற்றிவிட்டார். அத்தனை சந்தோஷம்.

திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டுக் காத்தாயியிடம் மட்டும் சொன்னேன். "அவர் பேர்ல அம்மனுக்குக் காபிய வுட்டிருக்குடி." காத்தாயியிடம் சொல்வதும் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று. ஆனால் ஆட்டோ டீசல் கேட்கும்.

அடுத்த நாள் மத்தியானம் பேய் அறைந்தவர் மாதிரி வந்து உட்கார்ந்தார்.

"சடையப்பன் டீக்கடைக்குப் போனேன்மே."

"ம்."

"ஒரு காபி கேட்டேன்னு வெச்சுக்கோ. சும்மா, பேச்சுக்கு."

"ம்."

"கன்னத்துல போட்டுக்கினான். 'என் கடையில சாமி குத்தம் வாணாம் மாமா'ன்றான். சரி, டீயாவது குடுறான்னா, டீயிலயும் அதே கஃபைன்தான் கீதாம். சொல்றது யாரு? டீ விக்கிறவன்."

"அப்புறம்?"

"மொதலாளி கடைக்குப் போனேன். எல்லாருக்கும் காபி வந்துது. எனக்கு மட்டும் மோர். கமலக்கண்ணன் மொதலாளி என்னைப் பார்த்துக் கும்புடுறாருமே. இத்தினி வருஷமா அவருக்குச் சேலை நெய்யறேன், ஒரு நாளும் கும்புட்டதில்ல."

"நல்லதுதானேங்க."

"இன்னா நல்லது? சேத்துப்பட்டுலேர்ந்து தங்கச்சி போன் பண்ணி அழுவுது. அண்ணனே வுட்டுட்டாரு, எனக்கின்னான்னு அவளும் வுட்டுட்டாளாம். மாப்ள என்னைத் திட்டுறாரு."

தலையைப் பிடித்துக்கொண்டார். திடீரென்று காபி நின்றால் நாலு நாள் மண்டை இடிக்குமாம். பாவமாக இருந்தது. தைலம் எடுத்துத் தேய்த்துவிட்டேன். அதில் மனசு இளகிவிட்டார்.

"தா பாரு. உன்கிட்ட மறைக்க இன்னா கீது. நான் வேண்டிக்கவே இல்லமே. நீ பேஜார் பண்ணுவியேன்னு வாய்க்கு வந்தத சொன்னேன். அம்மன்கிட்ட நான் வாயே தெறக்கல. வேண்டாத வேண்டுதலுக்கு ஏது குத்தம்? எடு அந்த ஃபில்டர."

"தெரியும்ங்க."

"இன்னா தெரியும்?"

"நீங்க வேண்டிக்கலன்னு. மீசையில நொரையோட வந்தீங்களே."

அவர் கண் பெரிதானது.

"தெரிஞ்சுமா ஊரெல்லாம் சொன்ன? தெனம் விளக்கேத்தற பொம்பள, பொய் சொல்லலாமா?"

"நான் ஏங்க பொய் சொல்லப் போறேன்? அம்மன் பேர்ல பொய் சொல்லிட்டீங்களே, உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு எனக்கு ராத்திரியெல்லாம் ஒதறல். அதான், அக்கா வூட்டுலேர்ந்து நேரா படவேடு போனேன். உங்க பேரு, நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பண்ணேன். உங்க பொய்ய நெசமாக்கி, உங்க காபிய நானே வுட்டுட்டு வந்துட்டேன்."

என்னைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். சாமி படத்தைப் பார்க்க மட்டும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

தைலத்தை மூடி என்னிடம் நீட்டினார்.

"அந்தச் சுக்கு காபியில, கருப்பட்டி கொஞ்சம் தூக்கலா போடுமே."