வாசலில் நிற்கும் டிரெய்லரும் என் பாதிப் பென்ஷனும்

அன்புத் தம்பி டெல்பர்ட்டுக்கு,

ஃப்ரெஸ்னோவிலிருந்து வெர்னா அக்கா எழுதுவது. நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் உன் தீயணைப்பு நிலையத்தாரும் நலமாக இருக்க வேண்டும்.

நன்றித் திருநாள் அன்று வான்கோழியை அறுத்துக்கொண்டே கேட்டாயே, "ஏன்க்கா, உன் பென்ஷனையும் இப்படித்தான் துண்டு போடுவாங்களா?" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல் அறுத்துக்கொண்டே இருந்தாய். ரமோனா விவாகரத்துக்கு மனுப் போட்டதிலிருந்து, வேலையை விட்டுவிட்டு ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக எடுத்துவிடப் போகிறேன், அவளுக்கு ஒரு காசு கிடைக்கக் கூடாது என்று குதிக்கிறாயாம். ரமோனாவின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் உன்னால் அதைத் தொட முடியாது. வேலைதான் போகும். அதனால் என் கதையைக் கேள்.

விவாகரத்து என்று முடிவானதும், யாருக்கு எது என்பதைக் கிளைடும் நானும் சமையலறை மேஜையிலேயே பேசி முடித்துவிட்டோம். படகும் லாரியும் அவனுக்கு, வீடும் பென்ஷனும் எனக்கு. கை குலுக்கிக்கொண்டோம். ஆனால் ஓய்வூதிய வாரியத்துக்கு எங்கள் கைகுலுக்கல் போதவில்லை. பென்ஷனை நிறுத்தி வைத்துவிட்டு, நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றது. அதற்கு வாரியத்தையே எங்கள் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டுமாம்! என் பெயர், கிளைட் பெயர், கீழே வாரியத்தின் பெயர். கிளைட் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்துல மூணாவது ஆள் இருந்திருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?" என்றான். விசாரணைக்குப் போனபோது பக்கத்து நாற்காலியில் தொப்பியைப் போட்டு வாரியத்துக்கு இடம் வேறு பிடித்து வைத்தான். யாரும் வரவில்லை.

கிளைட் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறான் என்பது முதலில் தெரிய வேண்டும் என்று நீதிபதி அம்மாள் விளக்கிய கணக்கில்தான் நான் வாய் பிளந்தேன், தம்பி. இத்தனை வருடம் பின்னம் சொல்லிக் கொடுத்தவள் நான். இப்படி ஒரு பின்னம் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன் நான் பாடம் நடத்திய காலம் முழுக்க என்னுடையது. குடும்பமாக இருந்த காலத்தில் சேர்ந்தது ஆளுக்குப் பாதி. பிரிந்த பிறகு சேர்ந்தது மறுபடி என்னுடையது. ஒரு ரொட்டியில் வெண்ணெய் தடவிய பகுதியை மட்டும் இரண்டாக வெட்டுவது போல. எல்லாம் சரி, "எந்தத் தேதியில பிரிஞ்சீங்க?" என்றார்.

கிளைட் எழுந்தான். "நான் வாசல்ல நிக்கிற டிரெய்லர் வண்டி வீட்டுக்குக் குடி போனேனே, அன்னிக்கேம்மா. அதுக்கப்புறம் அவ ரிட்டையர் ஆகுற வரைக்கும் சம்பாதிச்சது அவ உழைப்பு. அதுல எனக்கென்ன பாத்தியதை?"

எனக்கு வந்ததே கோபம்! "பொய்யும்மா! டிரெய்லருக்குப் போன பிறகுதான் எனக்குக் கண் ஆபரேஷன். தினமும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? பிள்ளைங்க வீட்டுப்பாடத்தை ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டி, என்னைத் திருத்த வச்சது யாரு? பிரிஞ்சு போனவன் செய்யற வேலையா அது?"

"வாத்தியாரம்மா, உனக்குத்தான் நஷ்டம், வாயை மூடு" என்றான் அவன்.

"நீ மூடு!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இருங்க, இருங்க. தேதி தள்ளிப் போனா அவருக்குப் பங்கு கூடும். முந்திப் போனா உங்களுக்கு மிஞ்சும். ரெண்டு பேரும் தலைகீழா சண்டை போடறீங்களே! வெளியே போய்ப் பேசி ஒரு தேதியோட வாங்க."

கோபுரம் பார்ப்பது போல அந்தச் சட்டத்தை அண்ணாந்து பார்த்தேன், தம்பி. என் பென்ஷனுக்குள் கிளைட் வாசித்த வீட்டுப்பாடமும் இருக்கிறது என்று எவரோ எப்போதோ யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். ரமோனா உன்னை வேலைக்கு அனுப்பிவிட்டுக் கண்விழித்த காலமும் அப்படித்தான் உன் பென்ஷனுக்குள் இருக்கிறது.

உனக்கும் ரமோனாவுக்கும் கடவுள் நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் தரட்டும்.

பாசமுள்ள அக்கா,
வெர்னா

பி.கு.: மேலே விவாகரத்து ஆனவள் போல எழுதிவிட்டேன். இன்னும் ஆகவில்லை. எந்தத் தேதியைச் சொன்னாலும் கிளைடோ நானோ "அன்னிக்கு இல்லையே" என்கிறோம். இதை எழுதும்போதும் அவன் என் அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறான். டிரெய்லரில் கேஸ் தீர்ந்துவிட்டதாம். நீ ஒன்று செய். ராஜினாமாவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ரமோனாவிடம், "நாம எந்த நாளு பிரிஞ்சோம்?" என்று கேள். அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதே.